தேயிலை மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கேமரன் மலைத் தோட்டப் பள்ளியில் பயின்று, இன்று திசைக்கொருவராய்ப் பிரிந்து வாழும் என் பழைய மாணவ மாணவியர் அனைவருக்கும்,



பழைய மாணவர் ஒன்றுகூடலை முன்னிட்டு உங்கள் உத்தியோகம், குடும்பம், இருப்பிடம் முதலிய விவரங்களை எழுதியனுப்புமாறு நான் விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி, கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், கடல் கடந்த ஒன்றிரண்டு தேசங்களிலிருந்தும் வந்து குவிந்த மடல்களை, மாலையில் மூடுபனி இறங்கி வாசற்கதவைச் சாத்தவேண்டிய நேரம் வரும்வரையில், பத்து நாட்களாக ஒவ்வொன்றாய் வாசித்து முடித்தேன். உங்களில் பெரும்பாலோரை நான் கடைசியாகப் பார்த்தது, ஆறாம் வகுப்புச் சோதனை முடிந்து, புகுமுக வகுப்பில் சேர்வதற்காக விடியற்காலைப் பேருந்துக்கு நின்ற நாளில்தான். கம்பளிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாலைக்கு மேலே தேயிலைக் காட்டில் கொழுந்தெடுக்கும் தாயாரின் தலை தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளுக்குள் இன்று டாக்டர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் அநேகர் இருக்கிறீர்கள். அதை எதிர்பார்த்தேன். ஆனால், ஆற்றையும் காட்டையும் மண்ணையும் காக்கும் காரியத்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள் உங்களுக்குள் இத்தனை பேர் இருப்பீர்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

ஒருவன் சுற்றுச்சூழல் இலாகாவில் ஆற்று நீரைப் பரிசோதிக்கிறான். இன்னொருத்தி கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் விதைகளைப் பற்றிய பிரிவில் பணிபுரிகிறாள். வேறொருவன், நம் மலையிலுள்ள நீர்த்தேக்கத்திலேயே வண்டல் வாரும் வேலையில் பொறியாளனாக இருக்கிறான். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவன், பூச்சிமருந்தின் அளவை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து வருவதாகவும், முதல் இரண்டாண்டுகள் நஷ்டப்பட்டதாகவும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறான். அந்த மடலை நான் இரண்டு முறை வாசித்தேன்.

"ஐயா, இதற்கெல்லாம் நீங்கள்தாம் காரணம்" என்று உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆயினும் அந்தப் பெருமையில் சிறு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பெரும் பங்கு யாருக்கு உரியது என்பதைச் சொல்லவேண்டுமானால் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கள் தகப்பன்மார் பலரும் அவரைப் போன்றவர்களே.

அவருக்குத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. தேயிலைச் சரிவுகளில் மழைநீர் நேரே கீழே பாய்ந்து மண்ணை வாரிக்கொண்டு போகாதபடி, மலையின் வளைவையொட்டிக் குறுக்கே வெட்டிவைத்த அந்தக் கான்களையும், இடையிடையே வண்டல் தங்குவதற்காகத் தோண்டிய குழிகளையும் சீராக வைத்திருப்பதே அவருடைய ஆயுள் முழுவதற்குமான காரியமாயிருந்தது. இரவில் பெருமழை பெய்தால், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு மணி அடிக்கும் முன்பே எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். விடுமுறை நாளொன்றில் நானும் பின்னால் போனேன். குழியின் ஓரத்தில் குந்தி, நிரம்பிக்கிடந்த வண்டலை இரு கைகளாலும் அள்ளி, நீர் விரலிடுக்கில் வடியும்வரை பிடித்திருந்து, ஐந்தாறு அடி மேலே ஏறி, வேர் வெளியே தெரிந்த ஒரு தேயிலைச் செடியின் தூரில் வைத்து, உள்ளங்கையால் அமுக்கினார். மறுபடி இறங்கினார், மறுபடி அள்ளினார். மண்வெட்டியால் ஒரே வீச்சில் வாரிப்போடலாமே என்று நான் கேட்டதற்கு, "மண்வெட்டி வேரையும் சேத்து வெட்டிரும்டா" என்றார். சற்றுப் பொறுத்து, கானில் ஓடும் நீரைக் காட்டி, "தண்ணி தெளிவாப் போனா சரி, சேறாப் போனா நம்ம சோறு போவுதுன்னு அர்த்தம்" என்றார். அவருக்கு எழுத்தறிவு கிடையாது. சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் ரேகைதான் வைப்பார்.

இதை நான் பெருமையாக எழுதுகிறேன். எழுதிவிட்டு, இதனோடு சேர்த்துச் சொல்லியே தீரவேண்டிய இன்னொரு விஷயத்தையும் சொல்கிறேன்; உங்கள் மடல்களில் அதை ஒருவரும் தொடவில்லை.

நாம் பிறந்து வளர்ந்த பசுமை, காட்டின் பசுமையன்று. 1885 ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவைக்காரர் இந்த உயர்நிலத்தைக் கண்டு குறித்துவைத்த காலத்தில் இங்கே தேயிலை ஏது? செமாய் மக்களின் குடியிருப்புகளும், மேகம் படிந்த பெருங்காடுமே இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1929 இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, கோவேறு கழுதைகளையும் ஒரேயொரு நீராவி உருளையையும் தவிர வேறு யந்திர சகாயம் இல்லாமல், செங்குத்தான சரிவுகளிலிருந்த அந்த வனத்தை வெட்டிச் சாய்த்து, எரித்து, படி வெட்டிக் கன்று நட்டவை மனிதக் கைகளே. அவற்றுள் நம் பாட்டன்மார், பாட்டிமார் கைகளும் இருந்தன. அவர்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. தாம் வெட்டியதற்கு அவர்கள் உரிமையாளரும் ஆகவில்லை. லயத்து வீட்டில் ஓர் அறையும், வாரத்துக்கு அளந்துபோட்ட அரிசியும் பெற்றார்கள். அவர்கள்மீது குற்றம் சாட்ட நான் இதை எழுதவில்லை. காட்டைக் காப்பது குறித்துப் பேச எழுந்து நிற்கும்போது, நமக்குப் பின்னால் வெட்டுண்ட ஒரு காடு நிற்கிறது என்பதை அறிந்தவர்களாக நிற்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இன்று புதிதாக மலையை வெட்டுகிறவனிடம் நாம் பேசும் தொனியையே அந்த ஞாபகம் மாற்றிவிடும்.

கெப்போங்கில் இருக்கும் பெண்ணின் மடலை வாசித்தபோது என்னைத் திடுக்கிட வைத்தது ஓர் ஆண்டுக் கணக்கு. அவள் பணிபுரியும் அந்த ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டதும் அதே 1929 ஆம் ஆண்டில்தான். ஈயம் தோண்டிப் பாழாக்கிக் கைவிட்ட நிலத்தில், மரம் முளைக்குமா என்று எவரும் சந்தேகிக்கக்கூடிய வெறுமணலில், ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்த காடு அது. இங்கே காட்டை அழித்துத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் அங்கே அழிந்த நிலத்தில் காட்டை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வளர்ந்த அந்தச் செயற்கை வனத்தை, 2025 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அந்த மரங்களின் கீழே காலையில் நடக்கும்போது, தரையில் கிடக்கும் சிறகு முளைத்த விதைகளைப் பொறுக்குவது தன் வழக்கம் என்றும், தோட்டத்தில் பாட்டியோடு விறகு பொறுக்கிய பழக்கமே விதை பொறுக்குவதாக மாறிவிட்டது போலத் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாள்.

பினாங்கிலிருந்து எழுதியிருப்பவளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவள் தாயார், நம் மலையிலிருந்து இறங்கிப் போய், கீழ்நாட்டுச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தொட்டியும் முகத்தில் ஒரு துண்டுத் துணியுமாக, களைக்கொல்லி அடித்துவிட்டு, அதே கையால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! நகம் கறுத்து உதிர்ந்ததையும், மூக்கில் இரத்தம் வந்ததையும் அவர்கள் நோயென்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலையின் ஒரு பகுதி என்றே எண்ணினார்கள். மகள் படித்துப் பட்டம் பெற்றதும், நஞ்சில்லா விவசாயத்துக்காகவும் பயனீட்டாளர் உரிமைக்காகவும் உழைக்கும் வட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். தமிழராய்ப் பிறந்து, 1969 இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும், 1977 இல் தோன்றிய சஹாபாட் ஆலாம் மலேசியாவுக்கும் நெடுங்காலம் தலைமை தாங்கி, 2019 இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களை, வெள்ளைச் சட்டையும் தலையில் குல்லாயுமாகக் கூட்டங்களில் தூரத்திலிருந்து பார்த்ததைப் பாக்கியமாக எழுதியிருக்கிறாள். பாராகுவாட் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கு 2002 இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006 இல் அது தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் தேதியன்று முழுத்தடை அமலுக்கு வந்தது. அன்று காலை தாயாரிடம் செய்தியைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வரிக்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. மடலை மடித்து வைத்துவிட்டேன்.

நீர்த்தேக்கத்தில் இருப்பவனுக்கு வருகிறேன். ரிங்லெட்டுக்கு அருகே பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே எழுப்பி 1963 இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அங்கே உங்களைச் சுற்றுலா கூட்டிச் சென்றிருக்கிறேன். தெலோம் ஆற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாமில் வந்து கலந்து, அங்கே தேங்கி, மறுபடியும் சுரங்கத்தில் புகுந்து, பேராக் பக்கத்தில் ஜோர் என்னுமிடத்து நிலத்தடி நிலையத்தில் விழுந்து மின்சாரமாகிறது. ஆனால் மலைமேல் காய்கறிக்காகவும் கட்டடங்களுக்காகவும் வெட்டிய சரிவுகளிலிருந்து மழைதோறும் இறங்கும் மண், நீர் தங்கவேண்டிய இடத்தைத் தானே ஆக்கிரமித்துக்கொண்டது. 2013 அக்டோபர் 23 ஆம் தேதி நள்ளிரவு கழிந்த வேளையில், பெருமழையால் நீர்மட்டம் ஏறி, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளமும் மண்சரிவும் உயிர்ப்பலி கொண்டன. "நான் ஒவ்வொரு நாளும் வாரி மேலே கொட்டுவது, ஐயா, தாத்தாமார் கான் வெட்டிக் காத்த அதே மண்தான்" என்று எழுதியிருக்கிறான். ஒரு பக்கம் அவன் வாருகிறான். மறுபக்கம் மலை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இனி, இந்த மடலை நான் எழுதத் தொடங்கிய காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பள்ளிக்கும் லயங்களுக்கும் குடிநீர் வரும் ஓடையின் தலைமாட்டில் ஒரு சரிவைப் புதிதாக வெட்டினார்கள். இரண்டு மழைக்காலங்களுக்குள் குழாயில் செந்நீர் வந்தது. ஒரு காரியாலயத்துக்கு மனு எழுதினேன்; பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கடைசியில் ஒருவர் வந்தார், மரியாதையாகவே பேசினார். "முன்பு இந்த ஓடை தெளிவாக இருந்தது என்பதற்கு உங்களிடம் ஏதாவது அத்தாட்சி உண்டா?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். ஐம்பது வருஷம் அந்த நீரைக் குடித்தவன் நான். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சுற்றுச்சூழல் இலாகாவில் இருப்பவனிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதினேன். அவன் பதில் எனக்கு ஆறுதலாயிருக்கவில்லை. நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்ததே 1974 இல்தான் என்றும், ஆறுகளை ஒழுங்காக அளக்கத் தொடங்கியது அதற்கும் பிறகே என்றும், சிறு ஓடைகளை அளந்தவர் எவருமில்லை என்றும் எழுதினான். ஆக, இந்த மலை எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் பதிவு, இதில் துணி துவைத்தவர்கள், நண்டு பிடித்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள் ஆகியோரின் ஞாபகம் ஒன்றே. அவர்களில் முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் நீங்கள்.

ஆகவே, ஒன்றுகூடல் மலருக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் பதவிப் பெயர்களும் பட்டங்களும் அச்சேறட்டும். அவற்றோடு ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மடல் எழுதவேண்டும் என்று யாசிக்கிறேன். அதில் உங்கள் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நீங்கள் சிறு பிராயத்தில் எந்த ஓடையில் குடித்தீர்கள், அதன் அடியில் கூழாங்கல் தெரிந்ததா, எந்தக் குன்றில் அப்போது காடு இருந்தது, எந்த ஆண்டில் அது போயிற்று, எந்த மாதம் வரையில் வகுப்பறையில் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள், காலையில் சியாமங் குரங்கின் கூவல் எந்தத் திசையிலிருந்து கேட்டது, செமாய்ப் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லித்தந்த மரப்பெயர்கள் எவை — இவற்றை எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். காலம் நிச்சயமாகத் தெரியாவிட்டால், அக்காளின் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் என்றோ, லயத்துக்கு மின்விளக்கு வந்த வருஷம் என்றோ குறியுங்கள். ஆண்டை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். தமிழிலேயே எழுதுங்கள். இந்தப் பள்ளியின் பிள்ளைகள் வாசிப்பதற்காகவும்தான் இதைக் கேட்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன காலத்தில் முளைத்த பள்ளிகளின் வழிவந்தது நம்முடையது. 1957 இல் நாடு சுதந்திரம் பெற்றபோது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. கொழுந்தெடுப்பவர்கள் இப்போது வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறார்கள்; நம்மவர் இறங்கிப் போய்விட்டார்கள். வகுப்பில் நாற்காலிகள் அதிகம்; பிள்ளைகள் குறைவு. ஆயினும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன மாதம் அவர்களை அழைத்துக்கொண்டு, சுங்கை பாலாஸ் வழியாகக் குனோங் பிரிஞ்சாங்கின் பாசிக்காட்டுக்குப் போனேன். நடப்பதற்குப் பிறர் துணை வேண்டியிருக்கிறது எனக்கு. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், குள்ளமாய் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்களின்மேல் விரற்கடைப் பருமனுக்குப் போர்த்தியிருக்கும் பாசி, மழையில்லாத நாளிலும் மேகத்தையே பிழிந்து நீராக்கி, சொட்டுச் சொட்டாய்க் கீழே இறக்குவதை அவர்களுக்குக் காட்டினேன். குடுவைத் தாவரத்தின் மூடிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி பாசியைத் தொட்டுவிட்டு, கை நனைந்ததை என் கன்னத்தில் ஒற்றிக் காட்டினாள். நம் ஓடைகள் பிறக்கும் இடம் அது. 2001 முதல் இந்த மலையின் சுற்றுச்சூழலுக்காக உழைத்துவரும் ரீச் என்னும் அமைப்பினர் இப்பக்கத்துச் சிதைந்த இடங்களில் மரக்கன்று நட்டு வருகிறார்கள். விடுமுறைக்கு மலையேறி வருபவர்கள், உறவினர் வீட்டில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு அவர்களோடு ஒரு நாள் போய் வாருங்கள்.

திரும்பும் வழியில், உங்கள் காலத்தில் செய்த அதே சோதனையைச் செய்தோம். மூன்று போத்தல்கள் உங்களுக்கு ஞாபகமிருக்கும்: காட்டோரத்து ஓடையில் ஒன்று, தேயிலைச் சரிவின் கானில் ஒன்று, காய்கறித் தோட்டத்துக்குக் கீழே சாலையோரத்தில் ஒன்று. சன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து ஓரிரவு விட்டோம். மறுநாள் காலை முதலாவதன் அடியில் ஒரு பாசி நூல் மட்டும் கிடந்தது. இரண்டாவதில் அரை விரற்கடை மண். தேயிலையும் மண்ணை இழக்கத்தான் செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. மூன்றாவதில் நான்கு விரற்கடை. அதற்கு மேலிருந்த நீரும் தெளியவில்லை. பிள்ளைகள் அடிமட்டக்கோலால் அளந்து, தேதியும் இடமும் முந்திய நாள் மழையும் குறித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கீழே கையெழுத்திட்டார்கள். இனி ஒவ்வொரு மாதமும் எழுதுவார்கள். எவராவது வந்து அத்தாட்சி கேட்டால் அதை எடுத்து நீட்டலாம்.

அந்த நோட்டின் முதல் இருபது பக்கங்களை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். அவை உங்கள் மடல்களுக்காக. தீபாவளிக்கு முன் எனக்குக் கிடைக்குமாறு பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தால் போதும், நானே படியெடுத்துக்கொள்கிறேன். தாய் தகப்பன் உயிரோடு இருப்பவர்கள், எழுத உட்காருமுன் அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
பழைய தலைமையாசிரியர்